விரல்களுக்கு இடையே விட்ட நிலம்: கோப்பன்ஹேகன் பெருநகரின் வரலாறு

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அங்கே கட்டப்பட்டவற்றைத்தான் எழுதுவர். கோட்டையும் கோபுரமும் அரண்மனையும் துறைமுகமும் அவர்களது ஏடுகளை நிரப்பும். கட்டப்படாமல் விடப்பட்ட நிலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனையும் அதைச் சூழ்ந்து வளர்ந்த பெருநகரப் பகுதியையும் விளங்கிக்கொள்ள, இந்த இரண்டாம் வரலாறே பொருத்தமான வழி. அந்நகரைச் சுற்றி ஒரு காலத்தில் பீரங்கிகளின் பொருட்டு வெட்டவெளி காக்கப்பட்டது. பிற்காலத்தில் மனிதர்களின் பொருட்டு வெட்டவெளி காக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே வெட்டவெளி விலைக்கு விற்கப்பட்ட காலமும் ஒன்று இருந்தது. இம்மூன்று காலங்களின் தடங்களையும் இன்றைய நகரின் வரைபடத்தில் காணலாம்.

கோட்டைக்குள் அடங்கிய நகரம்

சீலாந்துத் தீவின் கிழக்குக் கரையில், மீன்பிடித்தும் வணிகம் செய்தும் வாழ்ந்த ஒரு சிற்றூரை மன்னன் முதலாம் வால்டமார் தன் நண்பரான ஆயர் அப்சலோனுக்கு வழங்கினான். அப்சலோன் அங்கே 1167ஆம் ஆண்டில் கோட்டை எழுப்பினார் என்பது மரபு. ஊரின் டேனிய மொழிப் பெயருக்கு 'வணிகர் துறைமுகம்' என்பதே பொருள். பால்டிக் கடலுக்குச் செல்லும் கப்பல்கள் கடந்தாக வேண்டிய நீரிணையின் கரையில் அது இருந்ததால் செல்வமும் வந்தது, பகையும் வந்தது.

1588 முதல் 1648 வரை ஆண்ட நான்காம் கிறிஸ்டியனின் காலத்தில் நகரம் பெரிதாக விரிந்தது. கொத்தளங்கள் வெளிநோக்கி நகர்த்தப்பட்டன. எதிரே அமாகர் தீவின் ஓரத்தில் கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் என்ற புதுநகர் எழுந்தது. அம்மன்னனே 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்கு உரிமம் அளித்தவன். அதன் விளைவாக 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஏற்பட்டுத் தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை கட்டினர். நாயக்கர் டேனிய மன்னனுக்குப் பொன்னேட்டில் விடுத்த மடல் இன்றும் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. 1732இல் தொடங்கப்பெற்ற ஆசியக் கம்பெனியின் பண்டசாலைகள் கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் கரையிலேயே அமைந்தன. 1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்படும் வரை, அந்நகரின் வணிகச் செல்வத்தில் சோழமண்டலக் கரைக்கும் ஒரு பங்கு இருந்தது.

1658 முதல் 1660 வரை சுவீடன் படை நகரை முற்றுகையிட்டது. 1659 பிப்ரவரியில் இரவோடு இரவாக நடந்த பெருந்தாக்குதலை நகர மக்கள் முறியடித்தனர். கோட்டையே தங்களைக் காத்தது என்ற எண்ணம் ஆள்வோர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அகழியும் கொத்தளமும் மேலும் வலுப்படுத்தப்பட்டன. கொத்தளத்துக்கு வெளியே ஓர் எல்லைக்கோடு வகுக்கப்பட்டு, அதற்குட்பட்ட நிலத்தில் நிலையான கட்டடம் எழுப்புவது தடுக்கப்பட்டது. பகைவன் மறைந்து நிற்க ஒரு சுவரும் இருக்கலாகாது. பீரங்கிக் குண்டின் பாதையில் ஒரு கூரையும் குறுக்கிடலாகாது. இதுவே அந்த வெட்டவெளியின் நோக்கம்.

வெளியே நிலம் காலியாகக் கிடக்க, உள்ளே மக்கள் நெருக்குண்டனர். 1728இலும் 1795இலும் பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. 1807இல் ஆங்கிலேயக் கப்பற்படை நகரைக் குண்டுவீசித் தாக்கியது. நவீனப் பீரங்கிகளின் முன் பழைய கொத்தளம் பயன்படாது என்பது அன்றே புலனாயிற்று. எனினும் அரசு கோட்டையைக் கைவிடவில்லை. இரவில் கோட்டை வாயில்கள் மூடப்பட்டன. உள்ளே வரும் பண்டங்களுக்கு வாயிலில் தீர்வை தண்டப்பட்டது. வீடுகளின் மேல் மாடிகள் ஏறின. முற்றங்களில் பின்கட்டுகள் முளைத்தன. கிணறும் கழிவுக்குழியும் அருகருகே அமைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகரின் மக்கள்தொகை சுமார் 1,30,000. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அக்கொத்தளங்களுக்குள்ளேயே வாழ்ந்தனர்.

1853ஆம் ஆண்டுக் கோடையில் காலரா நுழைந்தது. சில மாதங்களில் 4,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எந்தப் பகைவனின் முற்றுகையும் செய்யாத அழிவை அக்கோட்டையின் நெருக்கம் செய்துவிட்டது. மக்களைக் காக்க விட்ட வெளியே மக்களைக் கொல்லும் நெருக்கத்துக்குக் காரணமாகியது என்பதை மருத்துவர்கள் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினர்.

வெளி விலைக்கு வந்த காலம்

காலராவுக்கு முந்தைய ஆண்டான 1852இலேயே கட்டடத் தடைக்கோடு உள்நோக்கி நகர்த்தப்பட்டு, நகருக்கு மேற்கே வரிசையாக அமைந்த ஏரிகளின் உட்கரைக்கு வந்திருந்தது. ஏரிகளுக்கு அப்பால் இருந்த நிலமெல்லாம் இதனால் கட்டடத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அதே பத்தாண்டில் கோட்டை வாயில்கள் இடிக்கப்பட்டன. வாயில்கள் மறைந்தாலும் நோரெபோர்ட், ஓஸ்டர்போர்ட், வெஸ்டர்போர்ட் என்ற அவற்றின் பெயர்கள் இன்று இரயில் நிலையப் பெயர்களாக நிலைத்துள்ளன.

புதிதாகக் கிடைத்த வெளியில் என்ன செய்யலாம் என்பதற்கு முதல் எடுத்துக்காட்டைத் தந்தவர்கள் மருத்துவர்களே. காலராவைக் கண்ட அவர்களது சங்கம், ஓஸ்டர்ப்ரோ பகுதியில் ஏழை உழைப்பாளிகளுக்காக வீடுகளைக் கட்டியது. கட்டடக் கலைஞர் பிந்தெஸ்பொல் 1850களில் வகுத்த அக்குடியிருப்பில் வீடுகள் தாழ்வான வரிசைகளாக, இடையே புல்வெளி விட்டு அமைந்தன. காற்றும் வெளிச்சமும் மருந்துக்கு நிகர் என்பதே அதன் தத்துவம். புரும்லேபி எனப்படும் அக்குடியிருப்பு இன்றும் மக்கள் வாழும் இடமாக நிற்கிறது.

அந்த எடுத்துக்காட்டைப் பின்பற்றியோர் சிலரே. நோரெப்ரோவிலும் வெஸ்டர்ப்ரோவிலும் நிலம் வாங்கியவர்கள், ஒரு மனையில் எத்தனை வீடுகள் அடங்குமோ அத்தனையையும் அடக்கினர். ஐந்து மாடி உயரமுள்ள வாடகை வீடுகளும், அவற்றின் முதுகில் சூரியன் எட்டாத பின்கட்டுகளும் தெருத்தெருவாக எழுந்தன. நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்த ஆயிரக்கணக்கானோர் அவற்றில் குடியேறினர். இரு நூற்றாண்டுகளாகக் காலியாகக் காக்கப்பட்ட நிலம் இரண்டு தலைமுறைக்குள் நிரம்பிவிட்டது. கோட்டைக்குள் இருந்த நெருக்கம் கோட்டைக்கு வெளியேயும் வந்து சேர்ந்தது. தடையை நீக்குவது வேறு, நிலத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவது வேறு என்பதை நகரம் இவ்வாறு கற்றது.

ஆயினும் ஒரு நன்மை விளைந்தது. கொத்தளங்கள் இருந்த நிலத்தின் ஒரு பகுதி பூங்காக்களாக மாறியது. 1874இல் தாவரவியல் தோட்டமும் 1879இல் ஓர்ஸ்டெட் பூங்காவும் அகழியையும் மேட்டையும் அப்படியே தம் அழகாக்கிக்கொண்டு திறக்கப்பட்டன. அவற்றுக்கு முன்பே, 1843இல், கொத்தளத்துக்கு வெளியே கட்டத் தடையிருந்த நிலத்தில் டிவோலி என்ற கேளிக்கைப் பூங்கா மன்னரின் இசைவோடு தோன்றியிருந்தது. அதனுள் இருக்கும் ஏரி பழைய அகழியின் எச்சமே.

1901, 1902ஆம் ஆண்டுகளில் வால்பி, புரோன்ஸ்ஹோய், சுண்ட்பி ஆகிய சுற்றுப்புற ஊர்களை நகரம் தன்னோடு இணைத்துக்கொண்டது. வசதி படைத்தோர் வாழ்ந்த ஃபிரடெரிக்ஸ்பெர்க் மட்டும் இணையவில்லை. நான்கு புறமும் கோப்பன்ஹேகனால் சூழப்பட்ட தனி நகராட்சியாக அது இன்றும் நீடிக்கிறது. பெருநகரம் என்பது ஒரே ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பரப்பாக அமையாது, பல நகராட்சிகள் தத்தம் வரியையும் தத்தம் விருப்பத்தையும் காத்துக்கொண்டு வாழும் கூட்டமாகவே அமையும் என்பதை அந்த ஒரு மறுப்பு முன்கூட்டியே உணர்த்தியது.

பழைய கொத்தளம் போனபின்னும் போரச்சம் போகவில்லை. 1864இல் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்ற நினைவு ஆறாத நாடு அது. எஸ்ட்ரப்பின் அரசு நாடாளுமன்றத்தின் எதிர்ப்பையும் மீறித் தற்காலிகச் சட்டங்களின் மூலம் பணம் ஒதுக்கி, 1888க்கும் 1892க்கும் இடையே நகரின் மேற்கே பல கல் தொலைவில் புதியதொரு கொத்தளத்தை எழுப்பியது. மேற்குக் கொத்தளம் எனப்படும் அது சுமார் 14 கிலோமீட்டர் நீளமுடையது. அதன்மேல் ஒரு போரும் நடக்கவில்லை. 1920இல் அது படைப்பணியிலிருந்து விலக்கப்பட்டது. வீணான செலவு என்று ஏசப்பட்ட அந்த மண்மேடு, புறநகர்களின் நடுவே ஓடும் நீண்ட பசும்பாதையாகப் பின்னர் மாறியது.

கையின் உருவில் ஒரு திட்டம்

1934 ஏப்ரலில் கிளாம்பன்போர் முதல் ஃபிரடெரிக்ஸ்பெர்க் வரை முதல் மின்சாரப் புறநகர் இரயில் ஓடியது. மிதிவண்டியும் டிராமும் எட்டாத தொலைவில் குடியிருந்துகொண்டு நகரில் வேலை பார்ப்பது எளிதாயிற்று. நீரில் விழுந்த எண்ணெய் போல நகரம் எல்லாத் திசையிலும் பரவத் தொடங்கியது. 1936இல் வெளியான ஓர் அறிக்கை, காடுகளையும் ஏரிக்கரைகளையும் கடற்கரையையும் இப்போதே ஒதுக்கி வைக்காவிட்டால் பிறகு அவை கிடைக்கா என்று எச்சரித்து, பசுமைப் பகுதிகளின் வலையொன்றை முன்மொழிந்தது.

இரண்டாம் உலகப்போரில் 1940 முதல் 1945 வரை நாடு ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. போர் முடிந்தபோது வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. அந்நிலையில் வட்டாரத் திட்டக்குழு ஒன்று பணியில் இறங்கியது. கட்டடக் கலைஞரும் நூலாசிரியருமான ஸ்டீன் எய்லர் ராஸ்முசன் அதன் தலைவர். திட்ட அலுவலகத்தை நடத்தியவர் பீட்டர் பிரெட்ஸ்டார்ஃப். 1947இல் அவர்கள் வெளியிட்ட வரைவே 'விரல் திட்டம்' என்று உலகெங்கும் நகரமைப்பு மாணவர்கள் படிக்கும் ஆவணம்.

திட்டத்தின் கருத்தைப் படிப்பறியாதவரும் புரிந்துகொள்ளலாம். சீலாந்தின் வரைபடத்தின்மேல் ஒரு கை விரித்து வைக்கப்பட்டது. பழைய நகரமும் அதையொட்டிய நெருக்கமான பகுதிகளும் உள்ளங்கை. அதிலிருந்து ஐந்து விரல்கள் புறப்படுகின்றன. தெற்கே கோகெ, மேற்கே ரோஸ்கில்டே, வடமேற்கே ஃபிரடெரிக்சுண், வடக்கே ஹில்லெரோட், கடலோரமாக ஹெல்சிங்கோர் ஆகிய பழைய ஊர்களின் திசையில் அவை நீள்கின்றன. ஒவ்வொரு விரலின் நடுவிலும் எலும்பு போல ஓர் இரயில் பாதை. அப்பாதையின் நிலையங்களைச் சுற்றி மணிமணியாகக் குடியிருப்புகள், கடைகள், பள்ளிகள். விரல்களுக்கு இடையே வயலும் காடும் நீர்நிலையும் ஆப்பு வடிவில் நகரை நோக்கி உள்ளே நுழைந்து வரவேண்டும். அங்கே வீடு கட்டலாகாது.

அதற்குச் சற்று முன், 1944இல், இலண்டனுக்கு வகுக்கப்பட்ட திட்டம் நகரைச் சுற்றிப் பசுமை வளையம் ஒன்றை இட்டு, அதற்கு அப்பால் புதுநகர்களை அமைக்கச் சொன்னது. வளையம் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும். விரலோ வளர்ச்சிக்கு வழி காட்டும். வளையத்தின் நடுவில் வாழ்பவர் பசுமையைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டும். விரலில் வாழ்பவருக்கோ ஒரு பக்கம் நடந்தால் இரயில், மறுபக்கம் நடந்தால் வயல். கையை மூடிப் பிடித்தால் காற்றுப் படும் பரப்பு குறைவு, விரித்தால் மிகுதி. இந்த எளிய கணக்கே திட்டத்தின் உயிர்.

படத்துக்கு வலிமை வந்த வகை

1947இன் ஆவணம் வெறும் வரைவு. அதைப் பின்பற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் எந்த நகராட்சிக்கும் இல்லை. இருப்பினும் அது நினைவில் நின்றது. எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு கை இருந்ததால் விளக்கவுரை தேவைப்படவில்லை. ஆனால் நிலவிலை ஏறும்போது நினைவு மட்டும் போதாது. 1949இல் வந்த நகர ஒழுங்குச் சட்டம், எந்த நிலத்தில் இப்போது கட்டலாம், எதில் பின்னர் கட்டலாம், எதில் கட்டலாகாது என்று பகுத்து வைக்கும் அதிகாரத்தைத் தந்தது.

நிலத்தின்மீது பொது அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பது எளிதில் தீர்ந்த வழக்கு அன்று. 1963இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நான்கு நிலச் சட்டங்களை எதிர்க்கட்சிகள் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுசென்றன. விற்பனைக்கு வரும் நிலத்தை முதலில் வாங்கும் உரிமையை நகராட்சிக்கு அளிக்கும் சட்டமும், இயற்கைப் பாதுகாப்புச் சட்டமும் அவற்றுள் அடங்கும். அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் மக்கள் நான்கையும் நிராகரித்தனர். நிலம் தன் உடைமை என்ற எண்ணம், வெளி எல்லோருக்கும் வேண்டும் என்ற எண்ணத்தை அன்று வென்றது.

ஆனால் அப்பத்தாண்டு முடிவதற்குள் வேறொரு வழி திறந்தது. 1970இல் நடைமுறைக்கு வந்த சட்டம் நாடு முழுவதையும் நகர மண்டலம், கோடை இல்ல மண்டலம், நாட்டுப்புற மண்டலம் என்று பிரித்தது. நாட்டுப்புற மண்டலத்தில் வேளாண்மைக்கு அல்லாத கட்டடம் எழுப்பத் தனி அனுமதி வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் இழப்பீடு கிடையாது. நிலம் உழவனுடையதாகவே இருக்கும், அதை நகரமாக்கும் உரிமை பொதுவுக்கு உரியது என்ற பாகுபாடே இதன் உட்பொருள். விரல்களுக்கு இடையே இருந்த வயல்கள் வயல்களாக நீடித்ததற்கு இச்சட்டமே தலையாய காரணம்.

சில இடங்களில் பசுமை புதிதாக உண்டாக்கவும்பட்டது. மேற்குப் புறநகர்களைச் சூழ்ந்த நிலம் தட்டையான விளைநிலம். அங்கே காடே இல்லை. வடக்கே வாழ்வோருக்கு அரசர்கள் வேட்டையாடிய பழைய மான்வனம் இருந்தது. மேற்கே வாழ்வோருக்கு அப்படி ஒன்றும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய, ஆல்பெர்ட்ஸ்லுண்ட் அருகே அரசு உழவர்களிடமிருந்து நிலத்தைப் பெற்று 1967இல் மரங்களை நடத் தொடங்கியது. ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட அந்த 'மேற்குக் காடு' இன்று அடர்ந்து நிற்கிறது. தெற்கே கோகெ வளைகுடாவின் ஆழமற்ற சேற்றுக் கரையில் மணல்மேடுகள் எழுப்பப்பட்டு, சுமார் 7 கிலோமீட்டர் நீளமான கடற்கரைப் பூங்கா 1980இல் திறக்கப்பட்டது. அரசர்கள் வடக்குக்கு விட்டுச்சென்றதைக் குடியரசு மனப்பான்மை மேற்குக்கும் தெற்குக்கும் கையால் செய்து கொடுத்தது எனலாம்.

1947இல் வரைந்தபோது கோகெ விரலுக்கு எலும்பே இல்லை. அவ்விரலின் இரயில் பாதை 1972இல்தான் வால்லென்ஸ்பெக் வரை திறக்கப்பட்டது. கோகெயை அடைந்தது 1983இல். தாளில் போட்ட கோடு தண்டவாளமாக 36 ஆண்டுகள் ஆயின. இடையில் ஆட்சிகள் மாறின; 1974இல் அமைந்த தலைநகர் மன்றம் 1989இன் இறுதியோடு கலைக்கப்பட்டது. வட்டாரத்துக்கென ஒரு மன்றம் இல்லாத காலத்தில் ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லையையே உலகமாகக் கொண்டது. இறுதியில் 2007இல் அரசே விரல் திட்டத்தை 34 நகராட்சிகளையும் கட்டுப்படுத்தும் ஆணையாக வெளியிட்டது. பெரிய அலுவலகங்கள் நிலையத்திலிருந்து 600 மீட்டர் நடைத்தொலைவுக்குள் அமைய வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட ஒரு கை சட்டமாயிற்று.

ஐந்து விரலும் ஒன்றுபோல் இல்லை

ஐந்து விரலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது பழமொழி. கோப்பன்ஹேகனின் விரல்களுக்கு அது நன்கு பொருந்தும். வடக்கே கடலோர விரலில் தோட்டம் சூழ்ந்த மாளிகைகள் நிரம்பின. விஸ்கிப் பட்டை என்று மக்கள் அதைக் கேலியாக அழைத்தனர். மேற்கும் தெற்கும் தொழிலாளர் வீடுகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதிகளாயின. டென்மார்க்கில் வருமான வரியின் ஒரு பெரும்பகுதி நகராட்சிக்கே செல்வதால், செல்வர் வாழும் ஊர் குறைந்த வரியில் நிறைந்த வசதி பெறும். எளியோர் வாழும் ஊர் மிகுந்த வரியில் குறைந்த வசதி பெறும். நகராட்சிகளுக்கு இடையே நிதியைப் பகிர்ந்து சமன்செய்யும் ஏற்பாடு உண்டெனினும் அதைச் சுற்றிய பூசல் ஓயவில்லை.

1960களில் வீடுகள் ஆலைகளில் வார்த்த சுவர்களால் விரைவாக எழுந்தன. ஆல்பெர்ட்ஸ்லுண்டில் 1963க்கும் 1968க்கும் இடையே, நடுவே முற்றம் கொண்ட ஒருமாடி வீடுகள் வரிசை வரிசையாக அமைந்தன. கார் செல்லும் வழியும் நடப்போர் வழியும் அங்கே தனித்தனி. புரோன்பி கடற்கரையில் பன்னிரண்டு உயர்மாடிக் கோபுரங்கள் எழுந்தன. அவற்றுள் ஐந்தில் கட்டுமானப் பொருளிலேயே நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது பிற்காலத்தில் தெரியவந்ததால் அவற்றை இடிக்க வேண்டியதாயிற்று.

புதிய வீடுகளை நோக்கி இளங்குடும்பங்கள் வெளியேறின. 1950இல் கோப்பன்ஹேகன் நகராட்சியில் சுமார் 7,68,000 பேர் வாழ்ந்தனர். 1990களின் தொடக்கத்தில் அது சுமார் 4,65,000 ஆகக் குறைந்தது. விரல்கள் தழைக்க உள்ளங்கை மெலிந்தது. முதியோரும் மாணவரும் வருவாயற்றோரும் எஞ்சிய நகரம் கடனில் மூழ்கியது. திட்டத்தின் வெற்றியே அதன் நடுவிடத்துக்கு நோயாக முடிந்த வகை இது.

திட்டக்குழுத் தலைவராக இருந்த ராஸ்முசனின் கையிலேயே உருவான டிங்பியர் குடியிருப்பின் கதையும் எண்ணத்தக்கது. நகரின் வடமேற்கு ஓரத்தில், மேற்குக் கொத்தளத்தின் பசுமையை ஒட்டி, 1950களில் தொடங்கி மஞ்சள் செங்கல்லால் அதை அவர் கட்டினார். பள்ளி, கடை, தேவாலயம், தோட்டம் அனைத்தும் நடைத்தொலைவில் உள்ள தன்னிறைவான ஊராக அதை அவர் எண்ணினார். ஆனால் அருகில் இரயில் நிலையம் இல்லை. சூழ்ந்திருந்த பசுமையே பிற பகுதிகளிலிருந்து அதைப் பிரித்து வைத்தது. காலப்போக்கில் வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியோரும் வருவாய் குறைந்தோரும் அங்கே மிகுந்தனர். 2010 முதல் அரசு ஆண்டுதோறும் வெளியிட்ட 'கெட்டோ' பட்டியலில் டிங்பியரின் பெயரும் இடம்பெற்றது. குடியிருப்போரின் வருவாய், கல்வி, குற்றவழக்கு ஆகியவற்றோடு அவர்கள் எந்த நாட்டு வழியினர் என்பதும் அப்பட்டியலின் அளவுகோல். 2018இன் சட்டம், நெடுங்காலமாகப் பட்டியலில் நீடிக்கும் இடங்களில் பொதுநிறுவனங்களின் குடும்ப வீடுகளை 2030க்குள் 40 விழுக்காட்டுக்குக் குறைக்க ஆணையிட்டது. வீடுகளை விற்றோ, இடித்தோ, இடையில் தனியார் வீடுகளைக் கட்டியோ அந்த அளவை எட்டலாம். மக்கள் கலந்து வாழ்ந்தாலன்றி ஒற்றுமை பிறவாது என்பது அரசின் வாதம். ஒருவரின் பிறப்பைக் கொண்டு அவர் வாழுமிடத்தைக் குறைகூறுவது அநீதி என்பது அங்கே வாழ்வோரின் வாதம். நிலத்தை அழகாகப் பகுத்துக் கொடுத்த கலைஞர்களால், அந்நிலத்தில் யார் யாரோடு வாழ்வர் என்பதைப் பகுத்துக் கொடுக்க இயலவில்லை.

ஆறாம் விரல்

மெலிந்த உள்ளங்கையை மீண்டும் வளர்க்க 1992இல் நாடாளுமன்றம் ஒரு புதுவழி கண்டது. அமாகர் தீவின் மேற்குப் பகுதியில், போர்க்காலத்தில் அணைகட்டிக் கடலிலிருந்து மீட்டு, பின்னர் படைப்பயிற்சிக்குப் பயன்பட்ட பரந்த வெளி இருந்தது. அதன் ஓரத்தில் ஓரஸ்டாட் என்ற புதுநகரை அமைத்து, மனைகளை விற்ற பணத்தில் நிலத்தடி மெட்ரோவைக் கட்டுவது என்று சட்டம் வகுக்கப்பட்டது. 2000 ஜூலையில் சுவீடனின் மால்மோ நகரோடு இணைக்கும் பாலம் திறந்தது. 2002இல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. மக்கள் திரும்பி வந்தனர். இன்று நகராட்சியில் 6,50,000க்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர்.

1947இன் கையில் இல்லாத இந்த ஆறாம் விரல் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டியிருந்தது. மெட்ரோவுக்கு வாங்கிய கடனை மனை விற்றே அடைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில், வெட்டவெளி ஒவ்வொன்றும் அடகு வைத்த நகை போலாகிவிட்டது. அமாகரின் பழைய மந்தைவெளியில் வீடு கட்டும் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டனர். ஊர் மாடுகள் பொதுவில் மேய்ந்த நிலம், அரிய செடிகளும் பறவைகளும் வாழும் புல்வெளி அது. எதிர்ப்பின் விளைவாக 2017இல் ஓரிடத்தில் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதே மந்தைவெளியின் வேறொரு மூலைக்கு மாற்றப்பட்டு 2021இல் நகராட்சியின் அனுமதியைப் பெற்றது. அதே ஆண்டில், துறைமுக வாயிலில் கடலைத் தூர்த்து 35,000 பேருக்கான லினெட்டெஹோல்ம் என்ற செயற்கைத் தீவை உருவாக்க நாடாளுமன்றம் இசைந்தது. நிலம் போதாதபோது கடலும் மனைக்கணக்கில் சேர்ந்துகொண்டது.

விரல்களுக்குக் குறுக்கேயும் இப்போது பாதைகள் வருகின்றன. லிங்பியிலிருந்து இஸ்ஹோய் வரை 28 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட இலகு இரயிலின் முதற்பகுதி 2025இல் திறக்கப்பட்டது. ஒரு விரலிலிருந்து மறுவிரலுக்குச் செல்ல உள்ளங்கை வழியாகச் சுற்றிவர வேண்டிய பழைய குறை இதனால் தீரும். அதே வேளையில், இரு விரல்களுக்கு இடையே உள்ள நிலத்தின் விலையும் ஏறும். பசுமை ஆப்புகளின் எல்லையைத் தம் ஊருக்கு ஏற்ப மாற்றித் தருமாறு நகராட்சிகள் கேட்பதும் தொடர்கிறது. ஒவ்வொரு கோரிக்கையும் தனித்துப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும்: ஒரு பள்ளி, ஒரு முதியோர் இல்லம், சில நூறு வீடுகள். அவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால்தான் விரல்கள் ஒட்டிக்கொள்வது தெரியும்.

கட்டடம் ஒருமுறை கட்டினால் நூறாண்டு நிற்கும். அதைக் காக்க யாரும் வாதாட வேண்டுவதில்லை. கட்டாத நிலமோ ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக வாதாடிக் காக்கப்பட வேண்டியது. ஒரு தலைமுறை சோர்ந்தாலும் போதும், முன்னோர் அனைவரும் காத்தது போய்விடும், போனது மீளாது. கோப்பன்ஹேகனின் வரலாறு இதற்கு இரு திசையிலும் சான்று தருகிறது. நோரெப்ரோவில் விற்கப்பட்ட வெளி திரும்பி வரவில்லை. மேற்கே நடப்பட்ட காடோ, மரமே இல்லாத ஊரில் பிறந்த ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு நிழல் தருகிறது. அந்த நிழலின் விலையை 1967இல் யாரோ கொடுத்திருந்தனர். இன்று விரல்களின் இடையே ஒரு மனைக்கு ஒப்புதல் கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பமும், அந்த விலையைத் தொடர்ந்து கொடுக்க விருப்பமா என்ற கேள்வியைத்தான் அந்நகர மக்களின் முன் வைக்கிறது.